மென்திறன் எங்கே பழகுகிறது: 'இயர் அப்' ஓராண்டுத் திட்டம் பற்றிய நிகழ்வு ஆய்வு

வசதியற்ற பின்னணியிலிருந்து முதல் வேலைக்குப் போகும் இளைஞர்களைப் பற்றி முதலாளிகள் சொல்லும் குறைகளைத் தொகுத்துப் பார்த்தால், தொழில் அறிவு பற்றியவை அதில் கொஞ்சம்தான். நேரத்துக்கு வருவதில்லை, வர முடியாத நாளில் தகவல் சொல்வதில்லை, புரியாததைக் கேட்பதில்லை, தவறைச் சுட்டிக்காட்டினால் மறுநாள் வருவதே இல்லை. பட்டியல் பெரும்பாலும் இப்படித்தான் நீளும். இதற்குத் தீர்வாகத் தொண்டு நிறுவனங்களும் அரசுத் துறைகளும் வழக்கமாக எடுத்துக்கொள்வது சில நாள் மென்திறன் வகுப்பு. தகவல் தொடர்பு ஒரு நாள், குழுப்பணி ஒரு நாள், நேர மேலாண்மை ஒரு நாள், கடைசி நாளில் நேர்காணல் ஒத்திகை. பிறகு சான்றிதழ், குழுப் படம்.

அந்த வகுப்புகளால் வேலை கிடைத்ததா என்று முறையாக அளந்து பார்த்த இடங்களில் கிடைத்த பதில் மனநிறைவு தருவதாக இல்லை. அதே நேரத்தில், மென்திறனை நடுவில் வைத்த ஒரு திட்டம் கடுமையான சோதனையைத் தாண்டி, பல ஆண்டுகளுக்குப் பின்னும் வருமானத்தை உயர்த்திக் காட்டியிருக்கிறது. அமெரிக்காவின் 'இயர் அப்' அது. அதன் உள்ளமைப்பை இந்த ஆய்வு பிரித்துப் பார்க்கிறது. எதிர்ப்பக்கத்தில் ஜோர்டான் நாட்டுச் சோதனை ஒன்றை வைத்து ஒப்பிடுகிறது.

யாரைச் சேர்க்கிறார்கள்

ஜெரால்ட் செர்டாவியன் 2000-ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரில் இந்த அமைப்பைத் தொடங்கினார். திட்டத்தின் பலனை அளந்த ஆய்வு நடந்த காலத்தில் (2013-14) 18 முதல் 24 வயது வரை உள்ள, பள்ளிப் படிப்பையோ அதற்கு இணையான தேர்வையோ முடித்த, குறைந்த வருமானக் குடும்பத்து இளைஞர்களை அது சேர்த்துக்கொண்டது. விண்ணப்பம், கட்டுரை, நேர்காணல் எனப் பல படிகள் கொண்டது அந்தச் சேர்க்கை. உண்மையில் ஆர்வம் இருக்கிறதா, ஓராண்டு முழுநேரமாக வர முடியுமா, வீட்டுச் சூழல் இடம் கொடுக்குமா என்பதையெல்லாம் பார்த்த பிறகே இடம் தருகிறார்கள்.

இதை ஆரம்பத்திலேயே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மிக மோசமான நிலையில் இருப்பவர்களுக்கான திட்டம் அல்ல இது. தங்க இடமில்லாதவருக்கோ, போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை தேவைப்படுபவருக்கோ இந்த அமைப்பை அப்படியே கொண்டுபோய் வைத்தால் முதல் மாதத்திலேயே பாதி வகுப்பு காலியாகிவிடும். அவர்களுக்கு முதல் தேவை வேறு. அதைக் கவனித்த பிறகுதான் இங்கே பேசப்படும் எதுவும் பயன்படும்.

ஓராண்டின் கட்டமைப்பு

அந்த ஆய்வுக் காலத்தில் இருந்த வடிவம் இது: முதல் ஆறு மாதம் வகுப்பு, அடுத்த ஆறு மாதம் நிறுவனம் ஒன்றில் இன்டர்ன்ஷிப், அதாவது பணியிடப் பயிற்சி. வகுப்புக் காலத்தில் தகவல் தொழில்நுட்ப உதவிப் பணி, நிதிச் செயல்பாடுகள் போன்ற ஒரு தொழில் பிரிவைக் கற்கிறார்கள். கூடவே அலுவலக எழுத்தும் பேச்சும், அலுவலக நடைமுறை ஒழுங்கும். இரண்டு கட்டத்திலும் வாராந்திர உதவித்தொகை உண்டு. சுமார் 40 பேர் கொண்ட குழுவாகச் சேர்ந்து படிக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஊழியர்களில் ஒருவர் ஆலோசகராக இருப்பார். இன்டர்ன்ஷிப் காலத்தில் வெளியிலிருந்து ஒரு வழிகாட்டியும் கிடைப்பார். வீட்டு வாடகை, குழந்தைப் பராமரிப்பு, வழக்கு, உடல்நலம் போன்ற சிக்கல்களுக்குச் சமூகப் பணியாளர்கள் அமைப்பின் உள்ளேயே இருக்கிறார்கள்.

மென்திறனுக்கென்று பாடவேளை இருக்கிறது. ஆனால் அந்தத் திறன் பழகுவது அந்தப் பாடவேளையில் மட்டும் அல்ல. தொழில்நுட்ப வகுப்பிலும் நடைகூடத்திலும் சாப்பாட்டு நேரம் முடிந்து திரும்பும்போதும் அதே எதிர்பார்ப்புதான். கணினிப் பாடம் எடுப்பவர் மின்னஞ்சலின் நடையையும் திருத்துவார். பயிற்றுநர்கள் எல்லாரும் ஒரே அளவுகோலைக் கையில் வைத்திருப்பதால்தான் இது நடக்கிறது. மென்திறனுக்கு மட்டும் வெளியிலிருந்து ஒரு பேச்சாளரை அழைக்கும் திட்டங்களில் நடக்காமல் போவதும் இதனால்தான்.

ஒப்பந்தமும் புள்ளிகளும்

திட்டத்தின் முதுகெலும்பு ஓர் ஒப்பந்தம். சேரும்போதே இளைஞர் அதில் கையெழுத்திடுகிறார். நேரத்துக்கு வருதல், அலுவலக உடை, ஒப்படைப்புகளைச் சொன்ன நாளில் தருதல், மரியாதையான நடத்தை என்று எதிர்பார்ப்புகள் அதில் எழுத்தில் இருக்கும். எல்லாரும் குறிப்பிட்ட புள்ளிகளோடு தொடங்குவார்கள். ஒவ்வொரு மீறலுக்கும் புள்ளி குறையும், அந்த வார உதவித்தொகையும் குறையும். பிழையில்லாமல் முடியும் ஒவ்வொரு வாரமும் புள்ளிகளைத் திருப்பித் தரும். புள்ளி தீர்ந்துபோனால் திட்டத்திலிருந்து வெளியேற வேண்டும். 'அமைப்பு உன்னை நீக்கவில்லை, நீயே உன்னை நீக்கிக்கொண்டாய்' என்பதுதான் அங்கே சொல்லும் முறை.

இது வெறும் கண்டிப்பு என்று மேலோட்டமாகப் பார்ப்பவருக்குத் தோன்றும். இதன் பயன் வேறு இடத்தில் இருக்கிறது. 'பொறுப்பாக நடந்துகொள்' என்ற அறிவுரையில் செய்ய வேண்டியது என்ன என்பது தெளிவாக இல்லை. '9 மணிக்கு இருக்கையில் இரு; வர முடியாவிட்டால் 8:30-க்குள் தொலைபேசியில் சொல்' என்பதில் தெளிவு இருக்கிறது. இரண்டாவது வகைச் சொற்களில்தான் ஒப்பந்தம் எழுதப்பட வேண்டும். விதிகள் எழுத்தில் இருப்பதால் பயிற்றுநரின் மனநிலைக்கு ஏற்பத் தண்டனை மாறாது. பள்ளியிலும் தெருவிலும் காவல் நிலையத்திலும் ஆளுக்கொரு நீதியைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, எல்லாருக்கும் ஒரே விதி என்பதே புதிய அனுபவம். அந்த நம்பிக்கையை ஒரே ஒரு பாரபட்சம் உடைத்துவிடும்.

புள்ளிகள் திரும்பக் கிடைப்பதும் முக்கியம். ஏறவே முடியாமல் இறங்கிக்கொண்டே போகும் கணக்கில், பாதிக்குக் கீழே போனவர் முயற்சியைக் கைவிட்டுவிடுவார். ஒரு நல்ல வாரம் இருந்தால் மீள முடியும் என்றால், சறுக்கிய பிறகு எழுவது எப்படி என்பதும் பயிற்சியின் பகுதியாகிறது. வேலையில் நிலைக்க அது முதல் நாள் ஒழுங்கைவிட அதிகம் தேவைப்படுகிறது.

இந்த ஏற்பாட்டை வேறு இடத்தில் செய்பவர்கள் தடுமாறும் இடங்கள் மூன்று. முதலாவது, விதிகளின் எண்ணிக்கை. இருபது விதி எழுதினால் ஒன்றுமே நினைவில் நிற்காது. ஏழெட்டுப் போதும், ஒவ்வொன்றும் கண்ணால் பார்த்து 'நடந்தது, நடக்கவில்லை' என்று சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். 'நல்ல மனப்பான்மை' விதியாக முடியாது. இரண்டாவது, தாமதத்தின் காரணம். புள்ளி குறைய வேண்டும், அதில் விலக்கு இல்லை. ஆனால் அதே நாளில் ஆலோசகர் உட்கார்ந்து ஏன் என்று கேட்க வேண்டும். இரண்டு பேருந்து மாறி வருபவருக்கு அறிவுரையால் பயன் இல்லை. ஒரு மணி முன்னால் கிளம்பும் திட்டமும், பேருந்து வராத நாளுக்கு மாற்று வழியும்தான் தேவை. தம்பி தங்கையைப் பள்ளியில் விட்டுவிட்டு வருபவருக்கு வீட்டோடு பேசி ஏற்பாடு செய்ய வேண்டும். இந்த இரண்டாவது பேச்சு இல்லாத இடத்தில் புள்ளி முறை ஏழைகளை வடிகட்டும் கருவியாகிவிடும், திறனை வளர்க்காது. மூன்றாவது, உதவித்தொகை. வாடகை கொடுக்கவே போதாத தொகையில் மேலும் பிடித்தம் செய்தால் இளைஞர் திட்டத்தை விட்டு, கிடைத்த கூலி வேலைக்குப் போய்விடுவார். பிடித்தம் உறைக்கும்படி இருக்க வேண்டும், ஆளை விரட்டும்படி இருக்கக் கூடாது.

வாரந்தோறும் முகத்துக்கு நேராக

வெள்ளிக்கிழமைகளில் குழுவும் ஊழியர்களும் வட்டமாக உட்கார்ந்து ஒருவருக்கொருவர் பின்னூட்டம் சொல்வது இயர் அப்பின் நெடுநாள் வழக்கம். பாராட்டும் வரும், மாற்ற வேண்டியதும் வரும். ஊழியர்களுக்கும் அதே வட்டத்தில் பின்னூட்டம் கிடைக்கும்.

முதல் வேலையை இழப்பவர்களில் பலர் வேலை தெரியாமல் இழப்பதில்லை. மேலாளர் ஒரு குறையைச் சொல்லும்போது அதை அவமானமாக எடுத்துக்கொள்கிறார்கள். எதிர்த்துப் பேசுகிறார்கள், அல்லது ஒன்றும் சொல்லாமல் நின்றுவிடுகிறார்கள். வாழ்நாள் முழுவதும் திருத்தம் என்பது திட்டாகவும் அடியாகவும் மட்டுமே வந்திருந்தால் வேறு எப்படி எடுத்துக்கொள்ள முடியும்? ஆகவே குறையைக் கேட்கும் திறனை, கேட்டுக் கேட்டுத்தான் பழக வேண்டும். வாரம் ஒருமுறை, ஆறு மாதம் என்றால் இருபது தடவைக்கு மேல் வந்துவிடும். மூன்று நாள் வகுப்பால் ஈடுகட்ட முடியாதது இந்த எண்ணிக்கையைத்தான்.

சொல்பவருக்கும் ஒழுங்கு வேண்டும். மேலாண்மைப் பயிற்சிகளில் பரவலாகப் பயன்படும் மூன்று படி இதற்குப் பொருந்தும்: சூழல், செயல், விளைவு. 'நீ அலட்சியமானவன்' என்று சொல்லக் கூடாது. 'நேற்று மதியக் குழுவேலையில் (சூழல்), உன் பகுதியை முடிக்காமல் 4 மணிக்குக் கிளம்பினாய் (செயல்), மற்ற மூவரும் 6 மணி வரை இருக்க வேண்டி வந்தது (விளைவு)' என்று சொல்லலாம். கேட்பவர் விளக்கம் சொல்லக் கூடாது; 'நன்றி, புரிந்தது' என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரம் மாற்றப் போகும் ஒரே ஒரு செயலைக் குறித்துக்கொள்வார். முதல் மூன்று வாரம் நல்லதை மட்டும் சொல்ல வைப்பது நல்லது. கூச்சம் உடைவதற்கு முன் குறை சொல்லத் தொடங்கினால் வட்டம் பழிதீர்க்கும் இடமாகிவிடும், அல்லது எல்லாரும் 'எல்லாம் நன்றாக இருக்கிறது' என்று சொல்லி நேரத்தைக் கழிப்பார்கள். வீட்டு நிலைமை, தோற்றம், பேச்சு வழக்கு ஆகியவை வட்டத்துக்குள் வரவே கூடாது.

பேச்சு வழக்கு பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அலுவலக மொழியும் உடையும் கற்றுக்கொடுக்கும்போது, இளைஞரின் சொந்த மொழியும் நடையும் தாழ்ந்தவை என்ற செய்தி எளிதில் கலந்துவிடுகிறது. 'இது சரி, அது தப்பு' என்று சொல்வதற்குப் பதிலாக 'இது வேலை இடத்தில், அது வீட்டில்' என்று இடம் பிரித்துச் சொன்னால் எதிர்ப்பு குறைகிறது. அது உண்மையும்கூட.

இன்டர்ன்ஷிப்: சோதனைக் களம்

ஏழாவது மாதம் முதல் உண்மையான அலுவலகம். வாரத்தில் அரை நாள் மட்டும் இயர் அப் அலுவலகத்துக்குத் திரும்பி வந்து, அந்த வாரம் நடந்ததைக் குழுவோடு பேசுவார்கள். மேலாளர் கடிந்துகொண்டது, சொல்லாமல் விட்ட சந்தேகம், சக ஊழியர் கேலி செய்தது எல்லாம் அங்கே வெளிவரும். வகுப்பில் ஒத்திகை பார்த்த பதில் களத்தில் ஏன் எடுபடவில்லை என்பதும் அங்கேதான் புரியும். மென்திறன் உறுதிப்படும் கட்டம் என்று பார்த்தால் இந்த அரை நாள்தான். பணத்தை மிச்சப்படுத்த நினைக்கும் நகல் திட்டங்கள் முதலில் வெட்டுவதும் இதையே.

இன்டர்ன்களை ஏற்கும் நிறுவனங்கள் அமைப்புக்குக் கட்டணம் செலுத்துகின்றன. ஆய்வுக் காலத்தில் ஒருவருக்கான செலவு சுமார் 28,290 டாலர்; அதில் 59 சதவீதம் நிறுவனங்களிடமிருந்து வந்தது. நிதி ஆதாரம் என்பதோடு இதற்கு இன்னொரு பலனும் உண்டு. பணம் கொடுத்த நிறுவனம் இன்டர்னை ஒளிநகல் எடுக்க வைத்து உட்காரவிடாது, பயன்படும் வேலையைக் கொடுக்கும். குறை இருந்தால் அமைப்பிடம் வெளிப்படையாகச் சொல்லும். அந்தக் குறைகளே அடுத்த குழுவின் பாடத்திட்டத்தை மாற்றுகின்றன. எந்தப் பிரிவில் ஆள் தேவை குறைகிறதோ அந்தப் பிரிவில் இன்டர்ன்ஷிப் இடமும் குறையும் என்பதால், சந்தையில் கேட்பாரற்ற தொழிலைக் கற்பித்துக்கொண்டே இருக்கவும் முடியாது.

அளந்தபோது கிடைத்தவை

2013 ஜனவரி முதல் 2014 ஆகஸ்ட் வரை விண்ணப்பித்தவர்களில் 2,544 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். மூன்றில் இரண்டு பங்கினருக்குத் திட்டத்தில் இடம். மற்றவர்கள் ஒப்பீட்டுக் குழு. எட்டு நகர்ப்புற மையங்கள் இதில் அடங்கின. அமெரிக்க அரசின் நலத்துறை நிதியில் ஆப்ட் அசோசியேட்ஸ் என்ற ஆய்வு நிறுவனம் இதை நடத்தியது.

திட்டத்தில் இருந்த முதல் ஆண்டில் அவர்களின் வருமானம் ஒப்பீட்டுக் குழுவைவிடக் குறைவு. வகுப்பில் இருப்பவர் சம்பாதிக்க முடியாது அல்லவா. முடித்த பிறகு நிலை தலைகீழானது. சேர்ந்ததிலிருந்து ஆறாவது, ஏழாவது காலாண்டுகளில் அவர்களின் சராசரி வருமானம் ஒப்பீட்டுக் குழுவைவிடக் காலாண்டுக்கு 1,895 டாலர் அதிகம். அதாவது 53 சதவீதம். ஏழாம் ஆண்டு வரை தொடர்ந்து பார்த்தபோதும் இடைவெளி மறையவில்லை. இளைஞர் வேலைவாய்ப்புத் திட்டங்களின் பலன் இரண்டு மூன்று ஆண்டில் கரைந்துவிடுவது வழக்கம் என்பதை அறிந்தவர்களுக்கு இந்த முடிவின் எடை தெரியும். ஏறத்தாழ நான்கில் ஒருவர் முடிக்காமல் வெளியேறினார் என்பதும் இதே கணக்கில் அடக்கம். அவர்களையும் சேர்த்தே சராசரி எடுக்கப்பட்டது.

இந்த வெற்றியில் மென்திறனின் பங்கு மட்டும் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இந்த ஆய்வு இடம் தரவில்லை. தொழில் பயிற்சி, உதவித்தொகை, நிறுவனத் தொடர்பு எல்லாம் ஒரே கட்டு. அதனால்தான் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும்: மென்திறனை மட்டும் தனியாகக் கொடுத்தால் என்ன ஆகும்?

ஜோர்டானில் நடந்தது

2010-ல் ஜோர்டானில் அரசு சமுதாயக் கல்லூரிகளில் பட்டயம் முடித்த இளம் பெண்கள் சுமார் 1,350 பேரை வைத்து உலக வங்கி ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பிரிவுக்கு மென்திறன் பயிற்சி. ஒரு பிரிவுக்கு, வேலைக்கு எடுக்கும் நிறுவனத்துக்கு ஆறு மாதம் வரை மாதம் 150 தினார் மானியம் தரும் வவுச்சர். ஒரு பிரிவுக்கு இரண்டும். மீதிப் பிரிவுக்கு எதுவும் இல்லை. அந்த 150 தினார் அப்போதைய குறைந்தபட்ச ஊதியத்துக்குச் சமம்.

பயிற்சி மோசமானது அல்ல. நாளுக்கு 5 மணி வீதம் 9 நாள், மொத்தம் 45 மணி நேரம். ஒரு வகுப்பில் 30 பேருக்கு மேல் இல்லை. தகவல் தொடர்பு, அலுவலக எழுத்து, குழுப்பணி, நேர மேலாண்மை, நேர்மறைச் சிந்தனை, வாடிக்கையாளர் சேவை, சுயவிவரம், நேர்காணல் என வழக்கமான பட்டியல் முழுவதும் இருந்தது. விரிவுரை குறைவு, விளையாட்டும் குழுப்பயிற்சியும் அதிகம். கலந்துகொண்டவர்களின் மனநிலை மேம்பட்டது. வேலை கிடைப்பதில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. வவுச்சர் நடப்பில் இருந்தவரை வேலையில் இருப்போர் விகிதத்தை ஏறத்தாழ 40 சதவீதப் புள்ளி உயர்த்தியது. மானியம் முடிந்ததும் அந்த உயர்வில் பெரும்பகுதி மறைந்தது.

இரண்டு நிகழ்வுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பாடத் தலைப்புகளில் பெரிய வேறுபாடு இல்லை. ஜோர்டான் பயிற்சியில், கற்றதைத் தவறவிட்டால் எந்த இழப்பும் இல்லை. செய்து பார்க்கப் பணியிடம் இல்லை, மறுவாரம் திரும்பி வந்து பேச ஒருவரும் இல்லை. பயிற்சியோடு வவுச்சரும் பெற்று வேலைக்குப் போனவர்களுக்குப் பணியிடம் இருந்தது, ஆனால் பயிற்சி ஏற்கெனவே முடிந்துபோயிருந்தது. அந்த வேலைச் சந்தையில் குறைந்தபட்ச ஊதியத்தில் புதிதாக ஆள் எடுக்க நிறுவனங்கள் தயங்கின என்பதும் சேர்ந்துகொண்டது. வேலையே இல்லாத இடத்தில் மென்திறன் வேலையை உண்டாக்காது.

டொமினிக்கன் குடியரசின் 'இளைஞரும் வேலையும்' திட்டம் இன்னொரு எச்சரிக்கை தருகிறது. 75 மணி நேர அடிப்படை, மென்திறன் பயிற்சி, 150 மணி நேரத் தொழில் பயிற்சி, பிறகு ஒரு நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் என்பது அதன் வடிவம். பெண்களுக்கு நன்மை செய்த அதே பயிற்சி ஆண்களை முன்பைவிடச் சோர்வடையச் செய்தது என்று ஓர் ஆய்வு கண்டது. பயிற்சி எதிர்பார்ப்பை உயர்த்திவிட்டது, சந்தை அதற்கு ஈடு கொடுக்கவில்லை. தன்னம்பிக்கைப் பேச்சை மட்டும் கொட்டும் பயிற்சியாளர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

சிறிய அளவில் செய்ய நினைப்பவர்களுக்கு

ஓராண்டும் இவ்வளவு பணமும் எல்லாரிடமும் இல்லை. எதை வெட்டலாம், எதை வெட்டக் கூடாது என்பதே கேள்வி. வகுப்பு நாட்களைக் குறைக்கலாம், அரங்கத்தை விடலாம், அச்சடித்த கையேட்டை விடலாம். பணியிடத்தை வெட்டக் கூடாது. பணியிடம் தொடங்கிய பின் வாரம் ஒருமுறை கூடும் சந்திப்பையும் வெட்டக் கூடாது. பத்து நாள் வகுப்புதான் முடியும் என்றால் ஐந்து நாளை வேலைக்கு முன்னாலும் ஐந்து நாளை வேலை தொடங்கிய பின் வாரத்துக்கு ஒன்றாகவும் பிரித்து வைப்பது, பத்தையும் முன்னால் முடிப்பதைவிட மேல்.

மேலாளரையும் தயார்படுத்த வேண்டும். ஒரு மணி நேரம் போதும். இளைஞரின் புள்ளி விதிகளை அவருக்குக் காட்டி, அதே விதிகளைத் தன் பிரிவிலும் கடைப்பிடிக்கச் சொல்ல வேண்டும். மூன்றாம் நாள், இரண்டாம் வாரம், நான்காம் வாரம் என ஆலோசகர் தொலைபேசியில் பேச வேண்டும். 'எப்படி இருக்கிறார்?' என்று கேட்டால் 'நல்ல பையன்' என்ற பதில்தான் வரும். 'இந்த வாரம் எத்தனை நாள் நேரத்துக்கு வந்தார், எத்தனை முறை சந்தேகம் கேட்டார், எந்த வேலையைத் திரும்பச் செய்ய வேண்டி வந்தது?' என்று கேட்டால் பயன்படும் பதில் வரும். வேலையை விடுவது பெரும்பாலும் முதல் சில வாரங்களில் நடப்பதால் நான்காம் வாரம் வரை இந்தத் தொடர்பு விடுபடக் கூடாது.

முதலாளி பார்க்கும் தாள் எது என்பதும் கவனத்துக்குரியது. ஜோகன்னஸ்பர்க்கில் நடந்த ஒரு சோதனையில், வேலை தேடும் இளைஞர்களின் தகவல் தொடர்பு, கணக்கு, திட்டமிடல், கவனம் முதலிய ஆறு திறன்களை அளந்து, முடிவை, வேலை தேட உதவும் ஓர் அமைப்பின் பெயர் பொறித்த சான்றிதழாகக் கொடுத்தார்கள். கூடுதல் பயிற்சி எதுவும் இல்லை. வேலையில் இருப்போர் 17 சதவீதமும் வார வருமானம் 34 சதவீதமும் கூடின. ஏற்கெனவே இருக்கும் திறனை வெளியே காட்ட வழி இல்லாததும் ஒரு தடையாக இருந்திருக்கிறது. எனவே 'கலந்துகொண்டார்' என்று சொல்லும் சான்றிதழை விட்டு, 'இருபத்து நான்கு வாரத்தில் இத்தனை நாள் வருகை, இத்தனை ஒப்படைப்பு குறித்த நாளில்' என்று எண்ணோடு சொல்லும் தாளைக் கொடுக்கலாம். புள்ளிக் கணக்கு வைத்திருப்பவர்களிடம் அந்த எண்கள் தயாராகவே இருக்கும்.

கணக்கெடுப்பில் ஒரு விதியைத் தொடக்கத்திலேயே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். வேலையில் சேர்ந்த அன்று எண்ணக் கூடாது. மூன்றாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் எண்ண வேண்டும். விகிதம் கணக்கிடும் மொத்த எண்ணிக்கையில் இடையில் நின்றவர்களும் இருக்க வேண்டும். முடித்தவர்களை மட்டும் எண்ணினால், யார் நின்றுபோகிறார்கள், எந்த வாரத்தில், எந்த விதியால் என்பது கண்ணில் படாது. அடுத்த குழுவுக்கு ஒப்பந்தத்தைத் திருத்தி எழுத வேண்டியவர்களுக்கு முதலில் தேவைப்படும் தகவல் அதுதான்.